குட்டிப் பெங்குவினுக்கு அனுப்பிய மெயில்கள்

2014 ஜூன் 21, சனி

யூடிப்டுலா சேலஞ்சில் சேர்ந்துவிட்டேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குக் கோட் எழுதப் பழகுவதற்கு 20 பணிகள். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது வரும். விடை ஏற்ற ஒரு தளமும் இல்லை, எல்லாம் மெயில்தான். அந்தப் பக்கம் அதைப் பிரித்துப் பார்ப்பவை ஸ்கிரிப்ட்கள். அவற்றுக்குப் பெயர் 'லிட்டில்'. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கரைகளில் வாழும் மிகச் சிறிய பெங்குவின் இனம்தான் யூடிப்டுலா.

எனக்கென்று ஓர் அடையாளக் குறி வந்திருக்கிறது. ஒவ்வொரு மெயிலின் சப்ஜெக்டிலும் அது இருக்க வேண்டும். விடைகளை வெளியில் போடக் கூடாது என்பதால் இங்கே கோட் எதையும் எழுத மாட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

முதல் பணி எல்லோரும் தொடங்கும் அதே 'ஹலோ வேர்ல்டு'தான், ஆனால் கர்னல் மாட்யூலாக, அதாவது ஓடும் கர்னலில் சேர்க்கக்கூடிய துண்டு நிரலாக. மதியத்துக்குள் முடிந்தது. இன்ஸ்மாட் கட்டளையால் அதைக் கர்னலில் ஏற்றி, கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் (dmesg) அந்த ஒரு வரியைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. பத்து வருடமாகப் பயன்படுத்தும் கர்னல், முதல் தடவையாக நான் சொன்னதைச் சொல்கிறது.

பிரவுசரிலிருந்தே அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. வெறும் எழுத்தாக இல்லாத ஹெச்டிஎம்எல் மெயில் ஏற்கப்படாது. கோடைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

நேற்று ஹெச்டிஎம்எல்லை அணைத்து, ஃபைல்களை இணைத்து அனுப்பினேன். அதுவும் வேண்டாமாம், இணைப்புகளை எழுத்துகளாக மாற்றி அனுப்பும் பேஸ்64 முறை கூடாது.

இன்று அனுப்பிய மெயிலின் மூலத்தைத் திறந்து பார்த்தேன். நான் எழுதிய கோட் அதில் கண்ணுக்குத் தெரியவே இல்லை. மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து என்ற கணக்கில் எல்லாம் உருமாறி, வரிவரியாக அர்த்தமில்லாத எழுத்துகள்.

சரி, மெயில் உடலிலேயே ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஆபீசில் என் சீனியரிடம் சொன்னபோது, "அதுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி உனக்கே ஒரு தடவை அனுப்பிப் பாரு தம்பி. வந்ததை எடுத்து காம்பைல் பண்ணு" என்றார். அப்படியே செய்தேன். காம்பைல் வேலையை நடத்தும் மேக் நிரல், தன் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலின் இரண்டாவது வரியிலேயே நின்றது: 'மிஸ்ஸிங் செபரேட்டர்'.

மேக்ஃபைலில் கட்டளை வரி டேப் எழுத்தோடுதான் தொடங்க வேண்டும். வெப்மெயில் அந்த டேப்பை எடுத்துவிட்டு ஸ்பேஸ்களை வைத்திருந்தது. திரையில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. கர்சரை வைத்து அம்புக்குறியை அழுத்தினேன். என் ஃபைலில் ஒரே தாவலில் கடந்த இடத்தை இங்கே எட்டு முறை அழுத்திக் கடக்க வேண்டியிருந்தது. கர்னல் கோட் முழுவதும் டேப்பால் உள்தள்ளியது. அப்படியானால் இந்த வழியில் நான் அனுப்பும் எந்தக் கோடும் முழுசாகப் போய்ச் சேராது.

ஜூன் 28, சனி

மட் நிறுவினேன், டெர்மினலில் ஓடும் மெயில் நிரல். பகல் முழுவதும் அதற்கே போனது. கர்னல் மூலத்தோடு வரும் ஆவணங்களில் மெயில் நிரல்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. எந்த நிரல் வரியை மடிக்கும், எது டேப்பைக் கெடுக்கும், எதை எப்படித் திருத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். எத்தனை பேர் எனக்கு முன்னால் இதே இடத்தில் தடுக்கி விழுந்திருந்தால் இப்படி ஓர் ஆவணம் பிறந்திருக்கும்!

இரவு மறுபடி அனுப்பினேன்.

ஜூலை 2, புதன்

தேறிவிட்டேன். கூடவே இரண்டாம் பணி.

ஜூலை 19, சனி

மூன்றாவதில் பேட்ச், அதாவது கோடில் செய்த மாற்றங்களை மட்டும் காட்டும் ஃபைல், அனுப்ப வேண்டும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மரத்திலிருந்து (அவருடைய கர்னல் மூலத் தொகுப்பு) எடுத்த 3.16-ஆர்சி5 என்ற சோதனைப் பதிப்பு இப்போது என் லேப்டாப்பில் பூட் ஆகிறது. அந்த மகிழ்ச்சி தனி.

பேட்ச் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, கர்னல் டெவலப்பர்கள் ஒருவருக்கொருவர் எழுதும் மெயில்களை நாலு நாளாகப் படிக்கிறேன். ஒருவர் பேட்ச் அனுப்புகிறார். பார்ப்பவர் 'ரிப்ளை' அழுத்தி, குறிப்பிட்ட வரிக்குக் கீழேயே 'இந்த லாக்கை இங்கே விட மறந்துவிட்டீர்கள்' என்கிற மாதிரி எழுதுகிறார். கோட் வெறும் எழுத்தாக மெயிலுக்குள்ளேயே இருந்தால்தான் அப்படி வரிக்கு வரி பதில் எழுத முடியும். முதல் மெயிலை அந்த ஸ்கிரிப்ட் ஏன் திருப்பியது என்பது அதைப் படித்தபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அதற்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

பேட்சின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டினேன்: பிழை 0, எச்சரிக்கை 0. பேட்சை மெயிலாக அனுப்பும் கிட் சென்ட்-இமெயில் கட்டளையால் முதலில் எனக்கே அனுப்பி, வந்ததைச் சேமித்து, புதிதாக எடுத்த மரத்தில் கிட் ஏஎம் கட்டளையால் அதைச் சேர்த்துப் பார்த்தேன். சுத்தமாக ஏறியது. டேப் எல்லாம் டேப்பாகவே இருந்தது.

இரவு 11.40-க்கு லிட்டிலுக்கு அனுப்பினேன்.