யாரும் கை வைக்கலையே

"யாரும் கை வைக்கலையே தம்பி, வீட்ல ஆளே இல்லையே. அப்புறம் எதுக்கு அது விழுந்துச்சு?"

பெங்களூர் அல்சூரில் நான் ஒயரிங் செய்துகொடுத்த மீன் தொட்டியின் சொந்தக்காரர், அல்சூர் சார், கேட்ட கேள்வி. 'அது' என்றது தொட்டிக்கு நான் மாட்டிய, கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடுகிற சுவிட்சை. அன்றைக்கே பதில் சொல்லிவிட்டேன். கணக்குப்படி சரியான பதில்தான். ஆனால் அந்தப் பதிலுக்குள் நான் யாரை இழுத்தேன் என்று நினைக்கும்போது இன்னும் மனசு ஒப்பவில்லை.

வேலை என்னவோ சாதாரணமானது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. கழுத்துவரை ரொப்பினால் சுமார் 255 லிட்டர். கீழே பிளைவுட் கேபினட். அதற்குள் கேனிஸ்டர் ஃபில்டர் (தண்ணீரைச் சுத்தம் செய்கிற மூடிய டப்பா), ஏர் பம்ப், 300 வாட் ஹீட்டரின் ஒயர், லைட்டின் அடாப்டர் எல்லாம் ஒரு ஸ்பைக் பஸ்டரில் சொருகி, அந்த ஸ்பைக் பஸ்டரைத் தரையிலேயே போட்டிருந்தார்கள். ஃபில்டர் குழாய் ஒழுகினால் முதல் சொட்டு அதன் மேல்தான் விழும். ஹாலுக்குப் புதிதாக இன்டீரியர் நடந்துகொண்டிருந்தது. அக்கா (சாரின் மருமகள்) சொன்னது ஒரே வரி: "கதவைத் தொறந்தாலும் ஒரு ஒயர்கூட கண்ணுல படக்கூடாது."

அந்த வேலையைப் பொறுத்தவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஸ்பைக் பஸ்டரைத் தரையிலிருந்து எடுத்து, பக்கவாட்டுச் சுவரில் மேலே ஏற்றினேன். சாக்கெட்டுகள் மேலே பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கும்படி வைத்தேன். ஒவ்வொரு ஒயரும் நேராக பிளக்குக்குள் போகாமல், பிளக்குக்குக் கீழே ஒரு தொப்பை விட்டு மேலே ஏறுகிற மாதிரி கட்டினேன். ஒயர் வழியாக வழிகிற தண்ணீர் அந்தத் தொப்பையிலேயே சொட்டிவிடும், பிளக்கை எட்டாது. பின் பலகையில் ஹோல் சா (வட்ட ஓட்டை போடுகிற ரம்பம்) போட்டு, விளிம்பு ஒயரை அறுக்காமல் ரப்பர் வளையம் மாட்டினேன். தொட்டி முழு எடையும் அந்தக் கேபினட்டின் மேல் நிற்கிறது, பின் பலகையை இஷ்டத்துக்கு அறுத்தால் ஆட்டம் காணும், அதனால் ஒரே ஓட்டைதான். பம்ப் ஒயர் நீளமாக இருக்கிறதே, வெட்டிக் குறைக்கலாமே என்று கார்ப்பெண்டர் கேட்டார். தண்ணீருக்குள் இருக்கிற சாமானின் ஒயரை வெட்டி ஒட்டுப் போடக் கூடாது என்று, மிச்ச நீளத்தைச் சுருட்டி டை போட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பொய்ப் பலகை, காந்தப் பிடிப்பில். இழுத்தால் கையோடு வந்துவிடும்.

பழைய வீடு. மெயின் போர்டில் எம்சிபி (லோடு மிஞ்சினால் விழுகிற சுவிட்ச்) மட்டும்தான், ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழுகிற சுவிட்ச்) இல்லை. எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 30 மில்லி ஆம்பியர் கசிவு மனுஷனின் நெஞ்சைப் பாதிக்கப் போதும், 6 ஆம்பியர் எம்சிபிக்கு அது கண்ணிலேயே படாது. ஆகவே தொட்டிக்கென்று 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை எஸ்.பி. ரோட்டில் வாங்கி, அதையும் பொய்ப் பலகைக்குப் பின்னால் சின்ன டப்பாவில் மாட்டினேன். கூடவே தண்ணீருக்குள் ஒரு டைட்டானியம் எர்த் புரோப், அதாவது தண்ணீரை எர்த்தோடு இணைக்கிற கம்பி.

அந்தப் புரோப்தான் எல்லாவற்றுக்கும் காரணம், அல்லது எல்லாவற்றையும் தடுத்தது. எப்படிச் சொல்வது என்று எனக்கே நாளுக்கு நாள் மாறுகிறது.

ஹீட்டருக்கு ரெண்டு பின், பம்ப்புக்கும் ரெண்டு பின். சுற்றிலும் கண்ணாடி, கீழே மரம். இந்தத் தண்ணீரில் கரண்ட் கசிந்தாலும் அது பூமிக்குப் போக வழியில்லை. வழியில்லையென்றால் ஆர்சிசிபிக்குத் தெரியாது. வெறுங்காலோடு ஒருத்தர் வந்து கையை விடும்போதுதான் வழி திறக்கும். புரோப் இருந்தால் கை வரும்வரை காத்திருக்க வேண்டாம், கசிந்த உடனே விழுந்துவிடும். இதுதான் என் நியாயம். இந்தத் தொழிலில் பாதிப் பேர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆர்சிசிபி வேலை செய்யாத வீட்டில் புரோப் போடுவது இன்னும் ஆபத்து என்பார்கள். பழுதான லைட்டை ஒரு கையில் பிடித்து, இன்னொரு கை தண்ணீரில் இருந்தால் அந்தத் தண்ணீரே எர்த் ஆகிவிடும். அதுவும் உண்மைதான்.

பொங்கலுக்கு அவர்கள் எல்லோரும் திருப்பத்தூர் பக்கம் சொந்த ஊருக்குப் போனார்கள். போன இடத்தில் நாலு நாள் தங்கல். இங்கே ஜனவரி ராத்திரி, வெளியே 15, 16 டிகிரிக்கு இறங்குகிற நேரம். தொட்டியில் இருந்தது டிஸ்கஸ், அதற்கு 28 டிகிரிக்குக் குறையக் கூடாது. சார் சென்னை கொளத்தூரில் ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கி, ராத்திரி ரயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு கொண்டுவந்த மீன்கள். ஹீட்டரின் ரப்பர் மூடி வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. ஆர்சிசிபி விழுந்தது. ஹீட்டர், ஃபில்டர், காற்று எல்லாம் ஒன்றாக நின்றது. இன்வெர்ட்டர் இருந்தும் பிரயோஜனமில்லை, கரண்ட் போகவில்லையே. துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பக்கத்து வீட்டு அம்மா தொட்டி இருட்டாக இருந்ததைப் பார்த்திருக்கிறார். லைட்டை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். விழுந்த சுவிட்ச் கண்ணில் பட வழியே இல்லை. அதைத்தான் நாங்கள் அவ்வளவு அழகாக மறைத்து வைத்திருந்தோமே.

நான் போனபோது செத்த மீன்களை எடுத்துவிட்டிருந்தார்கள். கேனிஸ்டரைத் திறந்தேன். ஓட்டமில்லாமல் நாள்கணக்கில் மூடிக் கிடந்த ஃபில்டர், அழுகின முட்டை நாற்றம், ஸ்பாஞ்ச் முழுக்கக் கறுப்பு. அப்படியே ஆன் செய்திருந்தால் மிச்சத்தையும் அது கொன்றிருக்கும். பிறகு ஒவ்வொரு பிளக்காகச் சொருகிப் பார்த்தேன். ஹீட்டரைச் சொருகியதும் டக்கென்று விழுந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கண்ணாடிக் குழாய்க்குள் வரிசையாக நீர் முத்துகள்.

அப்போதுதான் சார் கேட்டார், யாரும் கை வைக்கலையே என்று. புரியாமல் கேட்டதில்லை. பொதுத்துறை கம்பெனி ஒன்றில் எலெக்ட்ரிகல் பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவர். நான் புரோப்பைக் காட்டி விளக்க ஆரம்பித்ததும் கையமர்த்தினார்.

"அது தெரியும் தம்பி. ஆளைக் காப்பாத்த ஆர்சிசிபி போதும். இந்தக் கம்பி இல்லேன்னா நான் ஊர்லேருந்து வந்து கையை விட்டிருப்பேன், சுருக்குனு ஒண்ணு அடிச்சிருக்கும், ஒரு செகண்டுக்குள்ள விழுந்திருக்கும். மீனும் இருந்திருக்கும். இல்லையா?"

இல்லை என்று சொல்ல முடியாது. அவர் சொன்னது தப்பில்லை. நான் சொன்னது இது:

"உங்க கைன்னா சரி சார். அது பாப்பா கையா இருந்திருந்தா?"

அவருடைய பேத்தி. தினமும் ஸ்டூல் போட்டு ஏறி மீனுக்குச் சாப்பாடு போடுவது அவள்தான். விரலைத் தண்ணீரில் வைத்தால் மீன் வந்து கொத்தும், அதுக்காகவே வைப்பாள். சார் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் என் பணத்தை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

பொய் சொல்லவில்லை. அது நிஜமான ஆபத்து, அவளை நினைத்துத்தான் முதலில் புரோப்பையே போட்டேன். ஆனால் அந்த நிமிஷத்தில் அவளுக்காகத்தான் சொன்னேனா, வாதத்தில் ஜெயிக்கச் சொன்னேனா? குழந்தையை முன்னால் நிறுத்திய பிறகு எந்தத் தாத்தா திருப்பிப் பேசுவார்? சொல்வதற்கு வேறு நியாயமும் என்னிடம் இருந்தது. ஆர்சிசிபியும் ஒரு மெஷின்தான், அதில் டி என்று ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கிறது, அதை அவ்வப்போது அழுத்திப் பார்க்கவில்லையென்றால் உள்ளே இறுகிப்போய் வேண்டிய நேரத்தில் விழாமல் போகலாம், அதை மட்டும் நம்பிக் கையை விட வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குப் புரிகிற பாஷை அது. பதிலுக்கு அவரும் ஏதாவது சொல்லியிருப்பார். ரெண்டு பேரும் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்திருப்போம்.

இன்னொன்றும் இருக்கிறது. மாட்டும்போதே, ஹீட்டருக்குத் தனியாக ஒரு ஆர்சிசிபி போட்டால் ஹீட்டர் விழுந்தாலும் ஃபில்டர் ஓடும் என்று சொல்லியிருந்தேன். "இன்னொரு டப்பாவா? இருக்கிற எடத்துல எங்கே வைப்பீங்க?" என்றார் அக்கா. சாரும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ஒண்ணு போதும்பா" என்றார். ராத்திரி தூக்கம் வராதபோது அந்த "ஒண்ணு போதும்பா"வைத்தான் நான் பிடித்துக்கொள்வேன். சொன்னேன், அவர்கள்தான் வேண்டாமென்றார்கள். சரி, எத்தனை தடவை சொன்னேன்? ஒரு தடவை. ஹோல் சாவுக்கு பிட் மாற்றிக்கொண்டே சொன்னேன். காசு வாங்குகிறவன் எவ்வளவு தூரம் அழுத்திச் சொல்ல வேண்டும்? அதிகம் சொன்னால் பில்லை ஏற்றப் பார்க்கிறான் என்பார்கள். இதுவும் சாக்காக இருக்கலாம்.

அடுத்த மாதம் போனபோது தொட்டிக்கு முன்னாலிருந்த ஸ்டூல் இல்லை. மீன் சாப்பாட்டு டப்பா ஷோகேஸின் உச்சியில் இருந்தது. பாப்பா சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டு, "அங்கிள், தண்ணில கரண்ட் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை பாப்பா என்றேன். சார் என்னைப் பார்த்தார். இல்லை என்றால் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கிற பார்வையா, சும்மா பார்த்தாரா, நானாக நினைத்துக்கொள்கிறேனா, சொல்லத் தெரியவில்லை. சிவாஜிநகரிலிருந்து ஏஞ்சல் மீன் வாங்கி விட்டிருக்கிறார்கள். டிஸ்கஸ் வேண்டாம் என்றுவிட்டார்.

புது ஹீட்டர் மாட்டும்போது புரோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இது இருக்கட்டுமா சார்?" என்றேன். "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்ங்க." முன்னெல்லாம் அப்படி விடுகிற ஆளில்லை அவர், ஸ்க்ரூ திருகுவதற்குக்கூடப் பக்கத்தில் நின்று யோசனை சொல்வார். புரோப்பை மறுபடி தண்ணீரிலேயே விட்டேன். ஹீட்டரைத் தனி ஆர்சிசிபிக்கு மாற்றி, ரெண்டையும் கேபினட்டுக்கு வெளியே சுவரில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி வைத்தேன். அக்காவுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மறுக்கவில்லை. அதன் மேல் ஒரு தினசரி காலண்டரை மாட்டிவிட்டார்.

மாதம் ஒரு தடவை டி பட்டனை அழுத்தச் சொல்லியிருக்கிறேன். யாரும் அழுத்துவதாகத் தெரியவில்லை. சர்வீஸுக்குப் போகும்போது காலண்டரைத் தூக்கி நானே அழுத்திப் பார்த்துவிடுகிறேன்.