செவலைக்கு முட்டை வைத்தோம், கருப்பிக்கு அடை தெளிய வைத்தோம்: தை மாதக் கோழிக் குறிப்புகள்

ஜனவரி 6, 2025, திங்கள்

எங்கள் கோழி செவலைக்கு அடை, அதாவது முட்டை மேல் உட்கார்ந்து குஞ்சு பொரிக்கிற ஆசை, வந்துவிட்டது. சாளைக் கொட்டகையில் சோளத்தட்டுப் போருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இருட்டு மூலை இருக்கிறது. அவள் முட்டையிடுவது அங்கேதான். முட்டையிடப் போகிற கோழி அரைமணி நேரம், மிஞ்சினால் ஒருமணி நேரம் உட்கார்ந்து எழுந்துவிடும். வெளியே வந்து தோட்டமே அதிரக் கேறும். இவள் காலையில் போனவள், பொழுது சாய்ந்தும் வரவில்லை.

மற்ற கோழிகள் கூண்டில் அடைந்த பிறகு டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். கையை நீட்டியதுமே இறகெல்லாம் சிலிர்த்து இரண்டு மடங்காகத் தெரிந்தாள். தொண்டைக்குள்ளேயே உறுமிவிட்டு மணிக்கட்டில் நறுக்கென்று ஒரு கொத்து. வயிற்றுக்கடியில் விரலை விட்டால் இறகு உதிர்ந்து வெறும் தோல், நல்ல சூடு. முட்டையின் மேல் தோல் நேராகப் பட வேண்டும் என்று தானே கொத்தி உதிர்த்துக்கொள்வது அது. கொண்டை நிறம் மங்கிவிட்டது. வாசலில் கிடந்த எச்சமும் அதையே சொன்னது: நாள் முழுக்க அடக்கிவைத்து ஒரே தடவையாகப் போட்ட பெரிய உருண்டை, நாற்றம் தாங்கவில்லை. இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்தால் அது அடைதான். வெறுமனே சுணங்கி உட்கார்ந்திருக்கும் கோழி கொத்த வராது, சிலிர்க்காது, கண்ணை மூடித் தூங்கி வழியும். அதற்குப் பார்க்க வேண்டியது வைத்தியம்.

அடை வந்த கோழியைப் பார்த்த அன்றே ஒரு முடிவு எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. முட்டை வைப்பதென்றால் வைக்கணும், இல்லையென்றால் அந்த ஆசையைப் போக்கித் தெளிய வைக்கணும். இரண்டும் செய்யாமல் வெறுங்கூட்டில் வாரக்கணக்கில் உட்கார விடுவதுதான் கோழிக்குச் செய்கிற பெரிய கெடுதல். சாப்பாடு பாதியாகி, உடம்பு இளைத்து, செல் என்கிற பொடிப்பூச்சியும் பேனும் ஏறிவிடும்.

செவலைக்கு வயது இரண்டு, உடம்பும் தேறியிருக்கிறது. காலமும் குளிர்ச்சி. அதனால் வைப்பது என்று முடிவு.

ஜனவரி 8, புதன்

இரவு அடை வைத்தோம். பழைய மூங்கில் கூடையில் அடியில் மணல், மேலே வைக்கோல், இடையில் உலர்ந்த நொச்சியும் வேப்பிலையும். செல்லுக்கு முன்னாலேயே வழி செய்துவிட வேண்டும், உட்கார்ந்த பிறகு கோழியைத் தொந்தரவு செய்ய முடியாது. இறக்கைக்கடியில் சாம்பல் தேய்த்துவிட்டேன்.

முட்டைகள் எல்லாம் இந்த ஒரு வாரத்துக்குள் இட்டவை. சட்டியில் ஈர மணல் போட்டு, துணி விரித்து, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கிச் சமையலறை மூலையில் வைத்திருந்தேன். பத்து நாளைத் தாண்டிய முட்டையில் பொரிப்பு குறையும். கழுவிய முட்டையும் ஆகாது, ஓட்டின் மேல் இருக்கிற மெல்லிய பூச்சு போய்விடும். செவலை சிறுவிடை, சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி, அவள் உடம்புக்குப் பதினொன்று போதும். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். வேறு கோழி புகுந்து முட்டையிட்டுவிட்டுப் போனால் உடனே தெரியும்.

அத்தை வந்து கூடை ஓரத்தில் ஒரு கரித்துண்டு, இரண்டு வரமிளகாய், ஒரு இரும்பு ஆணி வைத்தார்கள். இடி இடித்தால் கரு கலங்கக் கூடாதென்று. "மார்கழி மாசத்துல எங்கீங்க அத்தை இடி?" என்றேன். "இருக்கட்டும் கண்ணு, எங்க மாமியா வெச்சாங்க, நானும் வெக்கறேன்" என்றார்கள். இருக்கட்டும்.

கோழியை இரவில்தான் மாற்ற வேண்டும். பகலில் மாற்றினால் பழைய மூலைக்கே ஓடும்.

ஜனவரி 13, திங்கள்

காப்புக்கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்துக் கட்டுத்தறிக்கும் சாளைக்கும் கட்டியாயிற்று, கோழிக்கூண்டுக்கும் ஒன்று.

செவலை தினமும் ஒரு தடவை இறங்குகிறாள். கால்மணி நேரம் இருப்பாள். கம்பும் சோளமும் அவசரமாகக் கொத்தி, தண்ணீர் குடித்து, எச்சம் போட்டு, மண்ணில் புரண்டுவிட்டு ஓட்டமாகத் திரும்புகிறாள். அந்த நேரத்தில் முட்டை ஆறினால் ஒன்றும் ஆகாது. தானாக இறங்காத கோழியும் உண்டு. அதைக் காலையில் மெல்லத் தூக்கி வெளியே விட வேண்டும். தூக்குமுன் இறக்கையைத் தடவிப் பார்க்கணும், உள்ளே முட்டை இடுக்கியிருக்கும்.

ஜனவரி 15, புதன்

பட்டிப்பொங்கல் முடிந்து மாடுகளைக் கட்டிய பிறகு முட்டை பார்த்தோம். அட்டையில் சின்ன ஓட்டை போட்டு, கீழே செல்போன் டார்ச், மேலே முட்டை. கரு பிடித்ததில் சிவப்பு நரம்புகள் எட்டுக்கால் பூச்சி மாதிரி நாலாபக்கமும் ஓடுகின்றன, நடுவில் ஒரு கரும்புள்ளி அசைகிறது. என் மகன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். ஒன்றில் எதுவுமே இல்லை, மஞ்சள் நிழல் மட்டும். கரு கூடாத முட்டை. இன்னொன்றில் நரம்பு இல்லாமல் சிவப்பாக ஒரு வளையம், ஆரம்பத்திலேயே கரு இறந்தது. இரண்டையும் எடுத்துவிட்டேன். விட்டுவைத்தால் கூமுட்டையாகி, வெடித்தால் மற்றதையும் கெடுக்கும்.

ஜனவரி 18, சனி

இன்றைக்கு கருப்பி. பழைய இருட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள், அடியில் ஒரு முட்டைகூட இல்லை. அவள் மார்கழியில்தான் ஒரு ஈட்டுக் குஞ்சுகளைப் பிரித்துவிட்டாள். நெஞ்செலும்பைத் தடவினால் கத்தியாக நிற்கிறது. இந்த உடம்போடு இன்னொரு 21 நாள் தாங்க மாட்டாள். தெளிய வைக்கத்தான் வேண்டும்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா பார்த்துவிட்டு, "தொட்டித் தண்ணியில நாலு முக்கு முக்கி, மூக்குல எறகு கோத்து உடு அம்மணி, நாளைக்கே தெளிஞ்சுரும்" என்றார்கள். காலங்காலமாகச் செய்கிற வழி, அவர்களுக்குக் கோழி மேல் பிரியம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னால் அதைச் செய்ய முடியாது. தைப் பனியில் நனைந்த கோழிக்குச் சளி பிடிக்கும். மூக்கில் இறகு குத்தினால் புண்ணாகும், மூச்சுவிடச் சிரமப்படும். வலியில் கூட்டைவிட்டு ஓடுகிறதே தவிர, அடை போவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அடை என்பது உடம்புக்குள் நடக்கிற மாற்றம். மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின் அதிகமாகச் சுரக்கிறது. முட்டையிடுவது நிற்கிறது, உட்காரும் ஆசை வருகிறது. இருட்டு, மெத்தென்ற கூடு, அடிவயிற்றுக்குக் கதகதப்பு, இவை கிடைக்கக் கிடைக்கச் சுரப்பு நீடிக்கும். அப்படியென்றால் செய்ய வேண்டியது இவற்றை எடுத்துவிடுவதுதான். அடியும் கம்பிவலையாக இருக்கும் கூண்டை நான்கு செங்கல் மேல் தூக்கி வைத்தோம். வேப்பமர நிழல், நல்ல வெளிச்சம், கீழிருந்து காற்று. வைக்கோல் கிடையாது. தீனியும் தண்ணீரும் எப்போதும் உண்டு. பட்டினி போட்டால் சீக்கிரம் தெளியும் என்பார்கள், ஏற்கெனவே இளைத்தவளைப் பட்டினி போடுவதா? இருட்டு மூலையைச் சோளத்தட்டுக் கட்டு வைத்து அடைத்தாயிற்று.

ஜனவரி 22, புதன்

கருப்பியைத் திறந்துவிட்டுப் பார்த்தேன். நேராகச் சாளைக்கு ஓடி, அடைத்த மூலைக்கு முன்னால் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறாள். இன்னும் தெளியவில்லை. மறுபடி கம்பிக்கூண்டு. மூன்று நாளில் தெளிகிற கோழியும் உண்டு, ஒரு வாரம் எடுப்பதும் உண்டு. உட்கார்ந்து நாளாகிவிட்டால் இன்னும் இழுக்கும்.

நாமக்கல் பண்ணைகளில் இந்தப் பாடே இல்லை. அங்கே இருக்கும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகளை, அடை உட்காராதவையாகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். வருடம் 300 முட்டை இடும், குஞ்சு பொரிக்க இயந்திரம்தான் வேண்டும். நம் நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து என்று இட்டுவிட்டு அடைக்குப் போகும், வருடத்துக்கு 60, 80 முட்டை. குறைவுதான். ஆனால் கரண்டு இல்லாமல், ஆள் இல்லாமல், பொரிப்பதும் வளர்ப்பதும் அதுவே பார்த்துக்கொள்கிறது. எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி

கருப்பி தெளிந்துவிட்டாள். திறந்ததும் குப்பைமேட்டுக்குப் போய் மற்றவற்றோடு சேர்ந்து கிளறினாள். கையில் தூக்கினாலும் சிலிர்க்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

இன்றிலிருந்து செவலையின் முட்டையைத் தொடுவதில்லை. குஞ்சுகள் ஓட்டுக்குள் திரும்பி இடம் பிடித்துக்கொள்ளும் சமயம். காற்று வறட்டு வறட்டென்று அடிப்பதால் கூடையைச் சுற்றித் தரையில் மட்டும் தண்ணீர் தெளித்தேன்.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. விரதச் சமையலுக்கு நடுவே சாளைக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். நேற்று மாலையே ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்டது. அதற்குச் செவலை அடிக்குரலில் பதில் சொன்னாள். காலையில் நான்கு வந்திருந்தன, மதியத்துக்குள் ஏழு. ஒரு முட்டையில் ஓட்டை விழுந்து மணிக்கணக்காகியும் அப்படியே இருந்தது. மகன் உரித்துவிடலாம் என்று கெஞ்சினான். கூடாது. ஓட்டின் உட்தோலில் இன்னும் இரத்தம் ஓடும், பிய்த்தால் குஞ்சு இரத்தம் கொட்டிச் செத்துவிடும். ஓட்டை விழுந்ததிலிருந்து வெளியே வர ஒரு பகல் ஒரு இரவுகூட ஆகலாம். பொழுது சாய அது தானே வந்தது. மொத்தம் எட்டு. கடைசி முட்டையில் அசைவே இல்லை.

முதலில் வந்தவற்றுக்கு உடனே தீனி வேண்டாம். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளுக்கு ஓடும். தாய் அவசரப்படாமல் கடைசிக் குஞ்சுவரை உட்காருவது அதனால்தான்.

பிப்ரவரி 1, சனி

கம்புக் குருணை, தட்டில் தண்ணீர், குஞ்சு முழுகாமலிருக்க அதில் கூழாங்கல். நேற்றுச் சாயங்காலம் பழைய பானையில் காய்ந்த சாணியும் ஓலைத் துண்டும் நனைத்து அடைத்துக் கிளுவை வேலி ஓரம் கவிழ்த்து வைத்தேன். காலையில் பானை நிறையக் கரையான். செவலை ஒன்றை எடுத்துக் கீழே போட்டு, கூப்பிட்டு, மறுபடி எடுத்துப் போட்டுக் காட்டுகிறாள். குஞ்சுகள் விழுந்தடித்துக்கொண்டு வருகின்றன. வானத்தில் பருந்து சுற்றுவதால் மற்ற நேரமெல்லாம் கொடாப்புக் கூடைக்குள்தான்.

பிப்ரவரி 5, புதன்

ஏழாம் நாள், வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான லசோட்டா சொட்டு மருந்து, கண்ணில் ஒவ்வொரு துளி. ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும், கலக்கிய பிறகு வைத்திருக்க முடியாது. குப்பியோ 100 குஞ்சுக்கு. அதனால் பெரியம்மா தன் குஞ்சுகளையும் கூடையில் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலி, இதில் மட்டும் சோம்பல் கூடாது. எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி.

அப்படியே கம்பிக்கூண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்குளுதும் ஒண்ணு உக்காந்திருக்குது அம்மணி, இதைக் குடு, வெச்சுப் பாக்கறேன்" என்று தூக்கிக்கொண்டு போனார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். சென்னிமலைக்குப் போகிற கூட்டம் காலையிலிருந்து ரோட்டில். கருப்பி முட்டையிட்டுவிட்டாள். இரண்டு நாளாகவே கொண்டை சிவந்து, மூலை மூலையாகப் பார்த்துக் கேறிக்கொண்டிருந்தாள். இந்த ஈடு முடிந்து பங்குனி, சித்திரையில் அவள் மறுபடி உட்கார்ந்தாலும் முட்டை வைக்கப்போவதில்லை. ஈரோட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது முட்டையும் வீணாகும், கோழியும் வாடிப்போகும். பெரியம்மாவிடமிருந்து அதற்குள் கூண்டைத் திருப்பி வாங்க வேண்டும்.