ஞாயிற்றுக்கிழமை சவாரி

வார நாட்களில் நான் ஓட்டுவது மணலி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் ஷிஃப்ட் வண்டி. ஏறி உட்கார்ந்ததும் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். இறங்கும் இடம் வந்தால் நான்தான் குரல் கொடுத்து எழுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதே டெம்போ ட்ராவலரில் பேச்சு சத்தம் தாங்காது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாடகைக்குப் பேசுவார்கள். வண்டலூர் மிருகக்காட்சிசாலை, கிண்டி சிறுவர் பூங்கா, இல்லையென்றால் ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை. புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், தண்ணீர் கேன், பந்து, மட்டை, தவறாமல் ஒரு ஆயா (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்), எல்லாம் ஏறும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மிருகம் பார்ப்பது ஒரு காலத்தில் நடந்து போகிற சமாச்சாரம். மிருகக்காட்சிசாலை அப்போது சென்ட்ரல் பக்கம், மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்தது. அதற்கு உயிர் காலேஜ் என்று பெயர். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். வண்டியில் வரும் ஆயாக்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து சோற்று மூட்டையோடு நடந்தே போய், பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவார்களாம். 1985ல் வண்டலூரில் புதுப் பூங்காவைத் திறந்தார்கள். மிருகங்களுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வடசென்னைக்காரனுக்கு அது 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விட்டது. பிள்ளைகுட்டியோடு போக வேன் பேச வேண்டியதாயிற்று. என் ஞாயிற்றுக்கிழமைப் பிழைப்பு அங்கிருந்து வந்ததுதான்.

தூரமாகிவிட்டதால் கூடவே ஒரு வியாதியும் ஒட்டிக்கொண்டது. "இவ்ளோ தூரம் போறோம், வாடகை குடுக்கறோம், எல்லாத்தையும் பாத்துட்டு வந்துடலாம்ணா" என்பார்கள். காலையில் வண்டலூர், மதியம் முதலைப் பண்ணை, அப்புறம் மாமல்லபுரம், திரும்பும் வழியில் ஏதாவது ஒரு பீச். டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் பார்த்தால், மாமல்லபுரம் வரும்போது பிள்ளைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். எழுப்பி இறக்குவார்கள். அழும். ஒரு அடி விழும். அழுகையை நிறுத்த ஐஸ்கிரீம். ஐந்து ரதத்துக்கு முன்னால் எடுத்த போட்டோவில் பெரியவர்கள் சிரிப்பார்கள், பிள்ளைகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும். போட்டோ எடுப்பவன் பெரும்பாலும் நான்தான் என்பதால் இது எனக்கு நன்றாகத் தெரியும்.

வண்டலூர் கிட்டத்தட்ட 1,500 ஏக்கர். பெரியவர்களுக்கே கால் கடுத்துப் போகும். நாலு வயதுப் பிள்ளைக்கு அங்கே புலி என்பது அகழிக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் படுத்திருக்கும் ஏதோ ஒன்று. "தோ பாரு, தோ பாரு" என்று அப்பா தலையைப் பிடித்துத் திருப்புவார். பிள்ளை காலடியில் ஓடும் அணிலைப் பார்த்துக்கொண்டிருக்கும். வடநெம்மேலி முதலைப் பண்ணை வெறும் 8.5 ஏக்கர். சின்னப் பிள்ளைகள் இருந்தால் நான் சிபாரிசு செய்வது அதைத்தான்.

பார்க்கிங்கில் சீட்டைச் சாய்த்துத் தூங்குவது டிரைவர்கள் வழக்கம். ஒரு முறை கொருக்குப்பேட்டைக் குடும்பம் ஒன்று, ஆயாவைக் கைபிடித்து நடத்த ஆள் வேண்டும் என்று எனக்கும் டிக்கெட் எடுத்து உள்ளே கூட்டிப்போனார்கள். சுவருக்குக் கீழே ஒரு முதலை வாயைத் திறந்தபடி கிடந்தது. அசைவே இல்லை. "டிரைவர் அண்ணா, இது பொம்மையா?" என்றான் அந்த வீட்டுப் பொடியன். அவன் அப்பா சந்தேகத்தைத் தீர்க்கக் கீழே குனிந்து கல் எடுத்தார். "சார், போடாதீங்க" என்று காவலாளி எங்கிருந்தோ குரல் கொடுத்தார். அப்பா அடுத்த தொட்டிக்கு நகர்ந்துவிட்டார். ஆயாவால் வேகமாக நடக்க முடியாது, அதனால் நானும் பொடியனும் அங்கேயே நின்றோம். வெகுநேரம் கழித்து முதலையின் கண்ணுக்குக் குறுக்கே மெல்லிய சவ்வு ஒன்று பக்கவாட்டில் ஓடி, மறைந்தது. "ஆயா! அது என்னைப் பாத்து கண்ணடிச்சிடுச்சு!" என்று அவன் போட்ட கூச்சலில் நகர்ந்து போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். அப்புறம் எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை கண்ணடிக்குமா என்று காத்திருந்தார்கள். வண்டலூரில் ஒரு குடும்பம் அப்படி ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

வாய் பிளந்து கிடப்பது உடம்புச் சூட்டைத் தணிக்க என்று அங்கிருந்தவர் விளக்கினார். தோலுக்காக வேட்டையாடி முதலைகள் அருகிப்போன காலத்தில், 1976ல், பாம்பு, முதலை ஆராய்ச்சிக்காரர் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய இடம் இது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை புதைந்திருக்கும் மண்ணின் சூடுதான் முடிவு செய்கிறதாம். ஆயா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ பொட்டப்புள்ள பொறந்துதுன்னு எந்த மாமியாகாரியும் வாயத் தொறக்க முடியாது" என்றார். மருமகள் மட்டும் சத்தமாகச் சிரித்தார்.

அதே வளாகத்தில், பாம்பு பிடிப்பதில் பேர்போன பழங்குடிகளான இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்பு விஷம் எடுப்பதைக் காட்டுகிறார்கள். அதற்குத் தனி டிக்கெட், அந்தக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். வாயைத் துணியால் கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கும், உள்ளே நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். குச்சியால் லேசாக எடுத்து, தலையைப் பிடித்து, கண்ணாடிக் குப்பியின் விளிம்பைக் கடிக்க வைக்கிறார்கள். மஞ்சளாகக் கொஞ்சம் இறங்குகிறது. பாம்புக்கடி மருந்து அதிலிருந்துதான். சில வாரங்கள் வைத்திருந்து பாம்பைத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். 2023ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பைக் கண்டால் கட்டையைத் தேடும் ஆட்கள் அங்கே கைகட்டி நிற்பதைப் பார்க்க வேண்டும்.

கிழமை ஒன்று கவனம். வண்டலூர், கிண்டி இரண்டுக்கும் செவ்வாய் விடுமுறை; முதலைப் பண்ணைக்குத் திங்கள். பள்ளி லீவில் கிழமை பார்க்காமல் வந்து பூட்டிய கேட் முன்னால் நிற்கும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காணும் பொங்கலன்று மட்டும் கைக்குழந்தையோடு வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் கையில் போலீஸ் போன் நம்பர் எழுதிக் கட்டிவிடுகிற அளவுக்குக் கூட்டம்.

எனக்குப் பேட்டா எத்தனை இடம் போனாலும் ஒன்றுதான். கிலோமீட்டர் கூடினால் முதலாளிக்கு லாபம், அதனால் நான் ஒரே இடம் என்று சிபாரிசு செய்வது அவருக்குப் பிடிக்காது. பிடிக்காதது அவருக்கு மட்டுமில்லை. போன வாரம் போனில் பேசிய அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். காலையில் கிளம்பினால் முதலையும் பாம்பும் நிதானமாகப் பார்த்து, சாப்பிட்டு, நாலு மணிக்கெல்லாம் தண்டையார்பேட்டை என்றேன்.

"ஒரே எடம்னா வாடகைல எவ்ளோ கொறைப்பீங்க?"

"கொறையாதுக்கா, மினிமம் கிலோமீட்டர் கணக்கு."

"அப்போ மாமல்லபுரமும் சேத்துக்குங்க."

சரி என்றேன்.