சட்னி கேட்டான்

ஜூன் 4, புதன்

திருச்சி புத்தூர் ஜிஎச்ல மனநல ஓபி சீட்டு வாங்கவே ஒன்பது மணியாயிடுச்சு. தெரிஞ்சவன் எவனாவது பாத்துருவானோன்னு மாப்ள, அதான் என் காலேஜ் ஃப்ரெண்டு, தலைய குனிஞ்சே உக்காந்திருந்தான். நகமெல்லாம் வளந்து அழுக்கடைஞ்சு கெடக்கு, காலேஜ்ல தெனம் அயர்ன் பண்ண சட்ட போட்டு வந்த பய இவன். டாக்டரம்மா அவசரப்படாம பேசுனாங்க. தூக்கம், சாப்பாடு, முன்னாடி புடிச்சதெல்லாம் இப்பவும் புடிக்குதான்னு கேட்டுட்டு தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் டெஸ்ட் எழுதுனாங்க, தைராய்டு கொறஞ்சாலும் இதே சோர்வு வருமாம். டிப்ரஷனுக்கு குடுத்த மாத்திரை எஸ்சிடலோபிராம். நல்லது தெரிய ரெண்டுலேர்ந்து நாலு வாரம், சிலருக்கு ஆறு வாரம் கூட ஆகும், ஆனா வயித்து பெரட்டலும் பதட்டமும் மொதல்லயே வந்துரும், அதுக்காக நிறுத்திடாதீங்கன்னாங்க. கெட்டது முன்னாடி வந்து நல்லது லேட்டா வர்ற மருந்து. இத வீட்ல புரிய வைக்கறதுதான் பெரும்பாடுன்னு அப்பவே தோணுச்சு.

ஜூன் 11, புதன்

தோணுன மாதிரியே ஆச்சு. வாந்தி வர்ற மாதிரியே இருக்குங்கிறான், அவனோட அம்மா, மாத்திரைதான் புள்ளய கெடுக்குதுங்கிறாங்க. "தம்பி, குணசீலம் பெருமாள் கோயில்ல ஒரு மண்டலம், 48 நாள் இருந்தா மனசு சரியாயிடும்ங்கிறாங்கப்பா"ன்னு கேட்டாங்க. தாராளமா போங்கம்மா, பெருமாளும் இருக்கட்டும் மாத்திரையும் இருக்கட்டும்னேன். சாமி கும்பிடறதுல எனக்கு ஒண்ணும் இல்ல, வைத்தியத்த விட்டுட்டு போறதுதான் பயம். 2001ல ஏர்வாடி தர்காவுக்கு பக்கத்துல ஒரு காப்பகத்துல சங்கிலில கட்டிப்போட்டு வச்சிருந்த மனநோயாளிங்க தப்பிக்க முடியாம 28 பேர் தீயில செத்தாங்களே, அத எப்டி மறக்கறது.

சித்தப்பா ஒருத்தர் வந்துட்டு ஒரு கல்யாணத்த பண்ணி வச்சா எல்லாம் பறந்துரும்னாரு. வர்ற பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சோ.

ஜூன் 19, வியாழன்

ராத்திரி மொட்டமாடில ரொம்ப நேரம் பேசாம இருந்தான். நேராவே கேட்டேன், "டேய், செத்துறலாம்னு தோணுதா?" கேட்டா நாமளே எடுத்துக்குடுத்த மாதிரி ஆயிடும்னு நெறய பேர் நெனைக்கிறாங்க, அப்டி இல்ல, கேட்டா அவங்களுக்கு பாரம்தான் கொறையும்னு டாக்டருங்களே சொல்றாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு சொன்னான், "காலைல முழிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணும்டா, நானா எதுவும் பண்ண மாட்டேன்." நான் அழுகல, அறிவுரையும் சொல்லல. 14416, அதான் டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் உண்டு, காசு இல்ல, போட்டு ஸ்பீக்கர்ல வச்சேன். தமிழ்லயே பேசுனாங்க, அவனும் என்கிட்ட சொல்லாதது ரெண்டு அவங்ககிட்ட சொன்னான். அம்மாகிட்ட விஷயத்த சொல்லி மாத்திரை அட்டைய அவங்க பொறுப்புல குடுத்துட்டு அங்கயே படுத்துட்டேன். நாளைக்கு மொத வேலையா டாக்டர்கிட்ட போறோம், அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்கற கதையெல்லாம் கெடையாது.

ஜூலை 2, புதன்

"என்ன ஹெல்ப் வேணும்னாலும் கேளுடா"ன்னு சொல்றதால ஒரு பிரயோசனமும் இல்ல, குளிக்கறதா வேணாமான்னு முடிவெடுக்கவே அர நாள் ஆகுறவன் ஹெல்ப் என்னன்னு யோசிச்சு போன் பண்ணி வேற கேப்பானா. அதனால நானே போயி வண்டி இன்சூரன்ஸ கட்டிட்டேன், ஆபீசுக்கு லீவ் மெயில் டைப் பண்ணி வச்சு சென்ட் மட்டும் அவன அமுக்க சொன்னேன். வாட்ஸ்அப்ல தெனம் எதாவது போடுவேன், கீழயே "பதில் வேணாம்"னு எழுதிருவேன். ப்ளூ டிக் விழுந்தா போதும். நம்ம குரூப்ல ஒருத்தன் விடியக்காலைல மோட்டிவேஷன் வீடியோவா அனுப்பி தள்ளுறான், அவன இன்னைக்கு தனியா கூப்ட்டு நிறுத்த சொல்லிட்டேன். கோவம்தான் அவனுக்கு, இருந்துட்டு போகட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

காலைல அங்கதான் டிபன். தோசைய பிச்சு பிச்சு தட்டு ஓரத்துல ஒதுக்கி வைக்கறதுதான் இவ்ளோ நாளா. இன்னைக்கு போன பாத்துக்கிட்டே முழுசா ஒண்ணு உள்ள போச்சு, ரெண்டாவதுல பாதில கை நின்னுச்சு, சரி அவ்ளோதான்னு பாத்தா, "ம்மா, காரச்சட்னி இன்னும் இருக்கா?"ங்கிறான். அம்மா கரண்டியோட அப்படியே நின்னுட்டாங்க. நான் கண்ணாலேயே எதும் சொல்லாதீங்கன்னேன். அவனுக்கு அது ஒரு விஷயமாவே தெரியல, இப்ப எப்டிடா இருக்குன்னா "அப்டியேதான்"ங்கிறான். தேறுறது கூட இருக்கறவங்களுக்குத்தான் மொதல்ல தெரியும்னு டாக்டரம்மா சொன்னது சரிதான் போல.

ஜூலை 24, வியாழன்

திரும்ப ரெண்டு மூணு நாளா கதவ சாத்திக்கிட்டான். ஏறி எறங்கித்தான் வரும்னு தெரியும், ஆனாலும் எனக்கே அலுப்பா இருக்கு, வீட்லயும் "நீங்க சரியா தூங்கறதே இல்ல"ன்னு சொல்லிட்டா. நம்ம செட்டுல இன்னொருத்தன்கிட்ட பேசிட்டேன், இனிமே சனிக்கிழம அவன் பொறுப்பு. மாப்ளகிட்டயும் மறைக்கல. "பரவால்லடா, நீ எப்பவும் எதாவது நோண்டிக்கிட்டே இருப்ப, அவன் சும்மா உக்காந்து கிரிக்கெட் பாப்பான்"னான். இது நமக்கு தேவதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரிக்கரைல அம்மா மண்டபம் படித்துறைக்கு கூப்ட்டேன், அவ்ளோ கூட்டத்துல முடியாதுன்னான், சரின்னு விட்டுட்டேன். வீட்லயே எலுமிச்ச சாதமும் தேங்கா சாதமும் கட்டு கட்டுன்னு கட்டிட்டு சாவகாசமா ஆரம்பிக்கிறான், "இப்பதான் பரவால்லயே, மாத்திரைய நிறுத்திரலாமாடா?" சரியானதுக்கு அப்பறமும் ஆறு மாசத்துக்கு கொறையாம போடணும், பட்டுனு நிறுத்துனா தல சுத்தும், போன நோயும் திரும்பி வரலாம், கொறைக்கறதா இருந்தா டாக்டர் சொல்லி கொஞ்சம் கொஞ்சமாத்தான்னேன். "அப்ப பொங்கலுக்கும் முழுங்கணுமா?"

ஆமா, பொங்கலுக்கும்தான்.

செம கடுப்பாயிட்டான். என்னைய, அந்த டாக்டரம்மாவ, மாத்திரை கண்டுபுடிச்சவன, எல்லாரையும் திட்டித் தீத்தான். நல்லா சத்தமாவே திட்டுனான்.