கூரையை வெட்டித் தாழ்த்திய மெர்குரி: ஒரு மாடல் காரின் நாட்குறிப்பு

ஜனவரி 6

பெட்டியைத் திறந்தாயிற்று. 1949 மெர்குரி கூப்பே, இரண்டு கதவு அமெரிக்கக் கார், 1/25 அளவு, அதாவது அசலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. பிளாஸ்டிக் பாகங்களாக வரும் கிட்டில் உள்ளபடி இதைக் கட்டப் போவதில்லை. கூரையை வெட்டித் தாழ்த்தி, கதவுக் கைப்பிடிகளை எடுத்துவிட்டு, பின்பக்கத்தைத் தரையோடு தரையாக இறக்கி, 1950களின் கலிஃபோர்னியா கஸ்டம் காராக, அதாவது சொந்த ரசனைக்கு உருமாற்றிய காராக, மாற்றுவதுதான் திட்டம். சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் சகோதரர்கள் 1951 மெர்குரி ஒன்றை ஹிரோஹாட்டா என்பவருக்காக மாற்றிக் கொடுத்தது 1952இல். அன்று முதல் கஸ்டம் கார் என்றாலே பலருக்கும் நினைவில் வருவது இந்த மெர்குரி உருவம்தான். எனக்கும் அப்படியே.

அமெரிக்க கிட்டுகள் பெரும்பாலும் 1/25, ஜப்பானியக் கிட்டுகள் 1/24. 5 மீட்டர் நீளமுள்ள கார் முதலாவதில் 200 மி.மீ. வரும், இரண்டாவதில் 208 மி.மீ. சக்கரத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் போட்டால் யாருக்கும் தெரியாது. சீட்டை மாற்றினால் தெரிந்துவிடும்.

ஜனவரி 8

பாகங்களை எல்லாம் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். அச்சிலிருந்து எளிதாகக் கழன்றுவர ஏதாவது பூசியிருந்தால் அதன் மேல் பெயின்ட் பிடிக்காது.

அப்புறம் வேலையைத் தொடங்கியது வெளிப்பக்கத்தில் இல்லை, உள்பக்கத்தில். பாடியின் பிளாஸ்டிக் தடிமன் சுமார் 1 மி.மீ. அதை 25ஆல் பெருக்கிப் பாருங்கள், 25 மி.மீ. வரும். எந்தக் காரில் ஒரு அங்குல கனத்துக்குத் தகடு இருக்கிறது? அசல் காரில் தகடு 1 மி.மீ. அளவில்தான். நீளமும் அகலமும் சரியாகச் சுருங்கியிருக்கும், தடிமன் சுருங்கியிருக்காது. மாடல் காரைப் பொம்மையாகக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. பாடி முழுவதையும் சுரண்டி மெலிதாக்க வேண்டியதில்லை, வேண்டுமென்றாலும் முடியாது. கண்ணுக்குத் தெரிகிற ஓரங்கள் போதும்: சக்கர வளைவுகள், மட்கார்டின் அடிவிளிம்பு, ஜன்னல் ஓரம். உள்பக்கமாக அரத்தால் சரித்துக் கொண்டுவந்தால் விளிம்பு மட்டும் தகடு போல நிற்கும்.

ஜனவரி 19

கூரை வெட்டும் நாள். முன்பக்கம் 4 அங்குலம் தாழ்த்த வேண்டும், 1/25இல் அது 4 மி.மீ. பின்பக்கம் இன்னும் கூடுதலாக எடுத்தால்தான் கூரை பின்னோக்கி வழிந்து இறங்கும்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கும்: கூரையைத் தாங்கும் தூண்களில் 4 மி.மீ. துண்டை எடு, மேலே உள்ளதைக் கீழே இறக்கு. ஆனால் தூண்கள் நேராக நிற்பவை அல்ல. முன்தூண் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, பின்தூண் முன்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. நடுவே ஒரு துண்டை எடுத்துவிட்டால் மேல்பாதியின் முனைகள் கீழ்பாதியின் முனைகளுக்கு உள்ளே போய் நிற்கும். கூரை குட்டையாகிவிடும். அசல் காரை வெட்டிய டிங்கர்களுக்கும் இதே கணக்குதான்.

இரண்டு வழி உண்டு. தூண்களை இன்னும் சாய்ப்பது ஒன்று. கூரையைக் குறுக்கே இரண்டாக அறுத்து நடுவில் பிளாஸ்டிக் பட்டை வைத்து நீட்டுவது மற்றொன்று. நான் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். முன்தூண்களை லேசாகப் பின்னால் சாய்த்து, மீதி இடைவெளியைக் கூரையின் நடுவில் பட்டை வைத்து நிரப்பினேன். பின்கண்ணாடிச் சட்டத்தைக் குறுக்கவில்லை. அதைத் தனியாக அறுத்தெடுத்து, உயரத்தைக் குறைக்காமல் முன்பக்கமாகப் படுக்கவைத்தேன். மெர்குரியில் அந்தக் கண்ணாடியின் உயரத்தைக் குறைத்தால் பின்பக்கம் வெறும் பிளவாகத் தெரியும். படுக்கவைத்தால் கூரையின் கோடு டிக்கி வரை உடையாமல் வழிகிறது.

அறுப்பதற்கு முன் செய்தவை: பாடியின் உள்ளே குறுக்காகத் தடித்த பிளாஸ்டிக் குச்சி ஒட்டினேன், கூரை போனதும் பக்கங்கள் கோணாமல் இருக்க. வெட்டுக்கோடுகளை டேப் ஒட்டிக் குறித்தேன். மெல்லிய ரம்பத்தின் வாயும் கால் மில்லிமீட்டர் தின்னும், அதையும் கணக்கில் சேர்த்துக் கோட்டுக்கு வெளியே அறுத்து, மீதியை அரத்தில் எடுத்தேன்.

ஜனவரி 20

தூண் முனைகளில் அரை மி.மீ. துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகி ஒட்டினேன். இவ்வளவு மெல்லிய இடத்தில் பசையை மட்டும் நம்ப முடியாது. கூரைப் பட்டைக்கு நீர்மப் பசை. அது பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றோடொன்று இணைக்கும். கரைந்த இடம் கெட்டியாக நாளாகும். ஒரு வாரம் தொடப் போவதில்லை.

பிப்ரவரி 2

பட்டி பார்க்கும் படலம். ட்யூபிலிருந்து பிதுக்கி அப்படியே தடவும் பட்டி, உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வெளியேறச் சுருங்கும். இன்று மழமழவென்று இருக்கும் இணைப்பு, பெயின்ட் அடித்துப் பல நாள் கழித்துக் கோடாக எழும்பி நிற்கும். அதனால் பெரிய இணைப்புகளுக்கு இரண்டு பகுதி கலக்கும் பாலியஸ்டர் பட்டிதான். ரசாயன வினையில் இறுகுவதால் சுருக்கம் மிகக் குறைவு. கைப்பிடி, பானட் சின்னம், டிக்கிப் பூட்டு எல்லாவற்றையும் சீவி எடுத்த இடங்களுக்கும் அதுவே. (அந்தக் காலத்துக் கஸ்டம் கார்களில் கைப்பிடி இல்லாத கதவை மறைவான பொத்தானும் சோலனாய்டும் திறந்தன.)

உப்புத்தாளை விரலில் வைத்துத் தேய்த்தால் பள்ளத்தோடு சேர்ந்து விரலும் வளையும். சிறு மரக்கட்டையில் சுற்றித் தேய்ப்பதே நல்லது.

பிப்ரவரி 9

கூரை தாழ்ந்ததும் உள்ளே எல்லாம் உயர்ந்துவிட்டது! சீட்டின் முதுகு பின்கண்ணாடியை மறைக்கிறது, ஸ்டியரிங் முன்கண்ணாடியின் நடுவில் தெரிகிறது. சீட்டுகள் உட்காரும் உள்தொட்டியை இறக்கலாம் என்றால் அதன் தரை சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், இடிக்கிறது. அதே சேசிஸில் பின் ஆக்சில் மேலே ஏற வேண்டியிருக்கிறது, கார் தாழ வேண்டுமே. ஒரு வெட்டு எத்தனை இடத்தில் கணக்குக் கேட்கிறது! இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

முடிவு: தொட்டியை இறக்கவில்லை. சீட்டுகளின் அடிப்பாகத்தை அறுத்து 3 மி.மீ. தாழ்த்தினேன், ஸ்டியரிங் தண்டைச் சாய்த்தேன். சேசிஸ் சட்டத்தில் ஆக்சில் வரும் இடத்தில் அரைவட்டமாகக் குடைந்தேன். அசல் கார்களிலும் சட்டத்தை அப்படித்தான் குடைகிறார்கள்.

பிப்ரவரி 23

பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்கும் முன் கதவு, பானட், டிக்கிக் கோடுகளைக் கூரான ஊசியால் கீறி ஆழப்படுத்தினேன். மறுபடியும் தடிமன் கணக்குதான். அசல் காரின் பெயின்ட் 0.1 மி.மீ. சொச்சம். நம் மாடலில் பிரைமர், நிறம், மேலே நிறமில்லாத கிளியர் எல்லாம் சேர்ந்தாலும் ஏறக்குறைய அதே 0.1 மி.மீ. வந்துவிடும். பெருக்கிப் பார்த்தால் இரண்டரை மி.மீ. கனத்தில் பெயின்ட் பூசிய கார்! கதவு இடைவெளியோ 1/25இல் வெறும் 0.2 மி.மீ. ஆழப்படுத்தாவிட்டால் நிரம்பிக் காணாமல் போகும்.

சாம்பல் பிரைமர் மேல் கறுப்பைப் புகை போல லேசாகத் தூவித் தேய்த்தேன். கறுப்பு மிச்சம் நின்ற இடமெல்லாம் பள்ளம். கூரையின் நடுப்பட்டை ஓரத்தில் ஒரு கோடு நின்றது. மறுபடி பட்டி.

மார்ச் 8

நிறம். கேண்டி சிவப்பு. கஸ்டம் கார் கலைஞர் ஜோ பெய்லான் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கேண்டி ஆப்பிள் சிவப்பின் வழி. கேண்டி என்பது ஊடுருவித் தெரியும் சிவப்பு, அடியில் உலோக நிறம் வேண்டும். அடியில் வெள்ளி என்றால் சிவப்பு குளிர்ந்து தெரியும், தங்கம் என்றால் தணல் போல. தங்கம் எடுத்தேன், கிடைப்பதிலேயே நுண்ணிய துகள் கொண்டதாக. மெட்டாலிக் பெயின்ட்டின் துகள் 25 மடங்கு பெரிதானால் மணல் அளவில் நிற்கும் என்பதால் இதில் மட்டும் பிடிவாதம்.

கேண்டியில் ஒவ்வொரு பூச்சும் நிறத்தைக் கருக்கும். ஓரிடத்தில் கை கூடுதலாக நின்றால் அங்கே கறை. காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் ஏர்பிரஷின் அழுத்தம் 15 பி.எஸ்.ஐ., ஒவ்வொரு வீச்சும் பாடிக்கு வெளியே தொடங்கி வெளியே முடிய வேண்டும். பானட்டையும் அதே நேரத்தில் அடிக்க வேண்டும், அதே எண்ணிக்கைப் பூச்சு. தனியாக இன்னொரு நாள் அடித்தால் சேராது.

எல்லாம் லாக்கர் வகைப் பெயின்ட். லாக்கர் மேல் எனாமல் வகை போகலாம். எனாமல் மேல் லாக்கர் போனால் சுருங்கிச் சுருண்டுவிடும்.

மார்ச் 9

காய்கிறது. தொடவில்லை.

மார்ச் 22

எஞ்சின். மெர்குரியின் ஃப்ளாட்ஹெட் வி8, 255 கன அங்குலம். வால்வுகள் பிளாக்கிலேயே இருப்பதால் ஹெட் வெறும் தட்டை மூடி, அதன் மேல் ஸ்பார்க் பிளக்குகள் நிமிர்ந்து நிற்கும். ஒயர் போட இதைவிட வசதியான எஞ்சின் இல்லை. அசல் ஒயர் 7 மி.மீ., எனக்கு வேண்டியது 0.28. 0.3 மி.மீ. ஒயர் இருக்கிறது, அது போதும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஊசித் துளைகள் போட்டு, சிலிண்டர்கள் பற்றவைக்கப்படும் 1-5-4-8-6-3-7-2 என்ற வரிசையில் இழுத்தேன். சிலிண்டர் எண்கள் வலது பக்கம் 1 முதல் 4, இடது பக்கம் 5 முதல் 8. பானட்டைத் திறப்பவர் வரிசையை எண்ணிப் பார்க்கப் போவதில்லைதான். ஆனால் ஒயர்கள் சரியான பிளக்குக்குப் போகும்போது ஒன்றையொன்று தாண்டுகிற விதமே வேறு. எண்ணாத கண்ணுக்கும் அது எஞ்சினாகத் தெரிகிறது.

ஏப்ரல் 5

கிளியர் பூச்சை ஈர உப்புத்தாளில் 3000, 4000, 6000, 8000 என்று ஏறி மெருகேற்றினேன். விளிம்புகளில் தாள் படவே கூடாது. பூச்சு அங்கேதான் மெலிது.

குரோம் ஓரங்களுக்கு உலோகத்தாள். ஒட்டி, பஞ்சுக்குச்சியால் அழுத்திப் படியவைத்து, புது பிளேடால் வெட்டினேன். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு புது முனை. பிளேடில் சிக்கனம் பார்த்தால் தாள் கிழியும்.

வெட்டிய கூரைக்குக் கிட்டின் கண்ணாடி பொருந்தாது. கால் மி.மீ. அசிடேட் தாளில் வெட்டி, வெள்ளைப் பசையில் ஒட்டினேன். சூப்பர் பசையின் ஆவி பட்டால் கண்ணாடி வெளுத்துவிடும். மெல்லிய தாள் வந்ததில் ஜன்னலின் கனமும் போயிற்று. கிட்டின் கண்ணாடி பொருந்தியிருந்தாலும் இனி இதைத்தான் போடுவேன்.

ஏப்ரல் 12

பாடி சேசிஸில் உட்கார்ந்தது. பின்பம்பருக்கும் தரைக்கும் நடுவே ஒரு தடித்த அட்டை நுழையும், அவ்வளவுதான். பக்கவாட்டில் பார்த்தால் கூரைக்கோடு முன்கண்ணாடியிலிருந்து டிக்கி வரை எங்கும் தயங்கவில்லை.

இதை ஜன்னல் பக்க அலமாரியில் வைக்க மாட்டேன், கேண்டிச் சாயம் வெயிலில் வெளுக்கும். உள்சுவர் அலமாரியில் மூடியுள்ள பெட்டி தயார். மிஞ்சிய கூரைத் துண்டுகளையும் பயன்படுத்தாத சக்கரங்களையும் உதிரிப் பெட்டியில் போட்டாயிற்று. அடுத்து ஒரு பிக்கப், 1/24. அதில் கதவுகளைத் திறக்கும்படி செய்ய வேண்டும், கீல் எப்படி என்று காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.