கொறங்காட்டிலிருந்து தொடங்கிய நீர்வடிப்பகுதித் திட்டம்

காங்கேயம் வட்டாரத்தில் கொறங்காடு என்பது மேய்ச்சலுக்கென்றே விட்டிருக்கும் மானாவாரி நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள் என்று இருந்த எங்கள் ஊர்க் காடுகள் பல, தொடர்ந்த மேய்ச்சலால் சரளை தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டன. அமராவதியில் சேரும் ஓடை ஒன்றின் தலைப்பகுதியில் எங்கள் ஊர் இருப்பதால், நீர்வடிப்பகுதி, அதாவது பெய்யும் மழைநீர் ஒரே ஓடைக்கு வடிந்து சேரும் நிலப்பரப்பு, அதன் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது ஊர்க்குழுவில் நானும் ஓர் உறுப்பினரானேன்.

முதல் கூட்டத்தில் எழுந்து பேசியவர்கள் எல்லாரும் தடுப்பணைதான் கேட்டோம். என் கிணற்றுக்கு அருகில் ஒன்று வேண்டும் என்று நானும் எழுதிக் கொடுத்தேன். 2021-இல் வந்த நெறிமுறைப்படி சமவெளிப் பகுதியில் ஹெக்டேருக்கு 22,000 ரூபாய்தான் கணக்கு. அதற்குள் மண், நீர்ப் பணிகள் மட்டுமின்றி வாழ்வாதாரப் பணிகளும் அடங்க வேண்டும். கேட்ட தடுப்பணைகளை எல்லாம் வரைபடத்தில் குறித்தபோது மேட்டு நிலத்துக்கென ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை. அந்த வரைவு திருப்பி அனுப்பப்பட்டது. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

அதன் பிறகுதான் மேட்டிலிருந்து பள்ளம் வரை முழுதாக நடந்து பார்த்தோம். இரு முனையும் திறந்த தகரக் குழாய் ஒன்றைப் புல் அடர்ந்த இடத்தில் அடித்து இறக்கித் தண்ணீர் ஊற்றினோம். பேசிக்கொண்டிருக்கும்போதே மண் அதைக் குடித்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம், ஆடுகள் மிதித்து இறுகிய வெற்று நிலத்தில் ஊற்றிய அதே அளவு தண்ணீர், நாங்கள் அடுத்த காட்டுக்குப் போய்த் திரும்பி வந்த பின்னும் அப்படியே நின்றது. அடுத்த மழையில் ஊர்க்குட்டைக்கு வரும் இரண்டு வாய்க்கால்களிலும் கண்ணாடிப் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து வைத்தோம். வெற்றுக் காட்டின் வழியாக வந்த பாட்டிலில் மறுநாள் ஒரு விரற்கடை வண்டல் படிந்திருந்தது. புல்காட்டின் வழியாக வந்ததில் அடி மட்டுமே மங்கலாக இருந்தது. தடுப்பணைக்காக மிகவும் வாதாடியவர்கள்கூட அந்தப் பாட்டில்களைப் பார்த்த பிறகு மேட்டு வேலையைத்தான் முதலில் எழுதச் சொன்னார்கள்.

குட்டைக்குக் கீழே இருந்த இரண்டு கிணறுகளில் நைட்ரேட், குடிநீருக்கான லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரம்பைத் தாண்டியிருந்தது. வயல் உரமும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் மாடுகள் குட்டைக்குள்ளேயே இறங்கி நின்று, சாணமும் மூத்திரமும் நீரில் கலப்பதையும் கரை சரிவதையும் நாங்கள் நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆகவே கரைக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி, குட்டைக்கு வேலி, நீர் நுழையும் இடத்தில் பட்டையாக வளர்க்கும் புல் ஆகியவற்றைச் சேர்த்தோம். மேலே நீர் அரித்த பள்ளங்களுக்குக் கல் தடுப்புகளும், பரவிய சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றும் பணியும் வந்தன. நல்ல புல் நிற்கும் இடத்தில் வரப்பு வெட்டுவதில்லை என்று தனியாகத் தீர்மானம் எழுதினோம்.

மிகக் கடினமாக இருந்தது மேய்ச்சல் ஓய்வுதான். புல் விதை உதிரும் வரை காட்டை அடைப்பதென்று நிலக்காரர்கள் ஒப்புக்கொண்டபோது, சொந்தக் காடு இல்லாமல் ஆடு வளர்க்கும் ஒரு வயதான அம்மா, "காட்டை அடைச்சுப் போட்டா நான் ஆட்டை எங்கீங்க ஓட்டறது?" என்று கேட்டார். அதுவரை நடந்த கூட்டங்களுக்கு அவரைப் போன்றவர்களை நாங்கள் அழைக்கவே இல்லை. அது பெரிய தவறு. அவர்களோடு மறுபடி உட்கார்ந்து, காடுகளை நான்கு பகுதியாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு பகுதியை மட்டும் அடைப்பதென்றும், அடைத்த காட்டில் முற்றிய புல்லை அறுத்துக்கொள்ளும் உரிமை முதலில் அவர்களுக்கே என்றும் முடிவு செய்தோம். இந்த உடன்பாடு கிடைத்த பிறகே கிராம சபையில் திட்டம் நிறைவேறியது.

இதேபோல் திட்டமிடுவோர் புல் விதையை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். புதிதாகப் பறித்த கொழுக்கட்டைப்புல் விதை உடனே சரியாக முளைக்காது. ஆறேழு மாதமாவது இருப்பு வைக்க வேண்டும். புரட்டாசியில் விதைக்க வேண்டுமானால் தை மாதத்திலேயே கதிர்களை உருவிச் சேர்த்தாக வேண்டும் என்பதால், எங்கள் பணிப்பட்டியலில் முதல் வரியாக அதையே எழுதியிருக்கிறோம்.