மூன்று மணி நேர குவாட் பைக் பயணம், அதில் வேனிலேயே போன நேரம்

வலது கட்டைவிரலை இன்னும் முழுதாக மடக்க முடியவில்லை. ஊர் திரும்பி மூன்று நாள் ஆகிறது. நேற்று ஷூவை எடுத்து உதறினால் ஒரு கைப்பிடி மண் கொட்டுகிறது. அந்த குவாட் பைக் (மண்ணிலும் மணலிலும் ஓட்டும் நான்கு சக்கர பைக்) மாலையைப் பற்றிச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டியை எத்தனை புகழ்ந்தாலும் தகும். அந்தப் பயணத்தை எங்களுக்கு விற்றவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கடலோர விடுமுறைக்கு நானும் தங்கையும் மட்டும் ஐந்து நாள் போயிருந்தோம். முதல் மூன்று நாள் கடலில் நனைவதும் கரையில் படுப்பதுமாகப் போய்விட்டது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கரைக்குப் போகும் வழியில் ஒரு முன்பதிவு மேசை இருந்தது. பக்கத்தில் ஆளுயரப் படம்: அலை நுரையைக் கிழித்துக்கொண்டு நான்கு குவாட் பைக்குகள் வரிசையாகப் பாய்கின்றன. தங்கை தினமும் அதன் முன்னால் நின்றுவிடுவாள். "அக்கா, ஒரே ஒரு தடவைக்கா."

கணக்குப் போட்டேன். ஊர் சுற்ற என்று ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு மாலைக்கே போகும். ஆளுக்கொரு வண்டி எடுத்தால் மொத்தமும் காலி, மறுநாள் படகுப் பயணத்தை மறந்துவிட வேண்டியதுதான். சரி, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வண்டி, பாதி வழியில் மாற்றி ஓட்டிக்கொள்ளலாம் என்று முடிவானது. மூன்று மணி நேரம் என்று ரசீதில் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த மூன்று மணி நேரம் வேனில் ஏறிய நொடியிலிருந்தே ஓட ஆரம்பிக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. எங்களைத்தான் முதலில் ஏற்றினார்கள். அப்புறம் ஏழு விடுதிகள். ஒவ்வொரு வாசலிலும் யாராவது ஒருவர் இன்னும் குளித்துக்கொண்டிருப்பார். ஏசி ஓடவில்லை, ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்கவில்லை, என் இருக்கையின் சாய்மானம் பிரேக் போடும்போதெல்லாம் பின்னால் போய்ப் போய் வந்தது. போக ஐம்பது நிமிடம், திரும்ப நாற்பது. ரசீதில் பாதி நேரம் வேனுக்கு! பணம் கட்டும் முன் "வண்டியின் மேல் எவ்வளவு நேரம்?" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை, நாளெல்லாம் எரிந்தது.

வேனில் வேறு வேலை இல்லாததால் தங்கை மொபைலில் இந்த வண்டியின் பூர்வீகத்தைப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். 1970-இல் ஹோண்டா இதை மூன்று சக்கரத்தோடு கொண்டுவந்ததாம். 1982-இல் சுசூகி நான்கு சக்கர வண்டியை இறக்கியது. மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து கவிழ்ந்து விபத்துகள் பெருகியதால், 1988-இல் அமெரிக்காவில் புதிய மூன்று சக்கர வண்டி விற்பதையே நிறுத்திவிட்டார்கள். "அப்போ நாலு சக்கரம் கவிழாது இல்லக்கா?" என்றாள். நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை. அப்போதுதான் எங்கள் பயணக் காப்பீட்டின் விதிகளைத் திறந்திருந்தேன். எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்ற பட்டியலில் குவாட் பைக்கும் இருந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது. இதைக் கிளம்பும் முன் வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். கூடுதலாகக் கொஞ்சம் கட்டினால் சேர்த்துக்கொள்ளும் காப்பீடுகளும் இருக்கின்றன.

இறங்கியதும் ஒரு கொட்டகை. பொறுப்பேற்புப் படிவத்தில் கையெழுத்து, வண்டி சேதமானால் எடுத்துக்கொள்ள கார்டில் ஒரு தொகையை நிறுத்திவைப்பது, இதெல்லாம் ஐந்தே நிமிடம். பிறகு ஹெல்மெட் இலவசம், கண்ணாடிக்கும் முகத்துணிக்கும் தனிக்காசு என்றார்கள். புழுதிக் காட்டில் கண்ணாடி இல்லாமல் யார் ஓட்டுவார்கள்? கட்டணத்தில் சேர்த்தே சொல்லியிருக்கலாம். கட்டினோம். தங்கை அதற்குள் எங்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி மொபைலில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். இடது மட்கார்டில் விரல் நீளத்துக்கு ஒரு பழைய கீறல். அதையும் எடுத்தாள். அவளுக்கு ஆயுசு நூறு.

இந்த இடத்தில்தான் வழிகாட்டி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்மணி, வெயிலில் கறுத்த கை, சத்தமில்லாத குரல். மற்ற குழு ஒன்று ஹெல்மெட்டை மாட்டியதும் பறந்துவிட்டது. இவர் எங்கள் எட்டுப் பேரையும் நிற்க வைத்து இருபது நிமிடம் பேசினார். முதலில், நேரம் போகிறதே என்று எனக்குப் பொறுமையே இல்லை. இப்போது சொல்கிறேன், நாங்கள் கொடுத்த காசுக்கு அந்த இருபது நிமிடம்தான் ஈடு.

ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்தவர்கள் கையைத் தூக்கச் சொன்னார். பாதிப் பேர் தூக்கினோம். "நீங்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்" என்றார். ஸ்கூட்டர் ஆடினால் காலை ஊன்றுவோம். இதில் காலைக் கீழே வைத்தால் பின்சக்கரம் அந்தக் காலின் மேலேயே ஏறிவிடும். என்ன நடந்தாலும் கால் அதன் தட்டிலேயே இருக்க வேண்டும். ஸ்கூட்டர் வளைவில் தானாகச் சாயும். இது சாயாது, நம்மைத்தான் வெளிப்பக்கம் தள்ளும். பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில் சுற்றுவதால் வண்டிக்கு நேராகப் போகத்தான் ஆசை. திருப்ப வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்து, உடம்பை முன்னுக்கும் உள்பக்கத்துக்கும் நகர்த்த வேண்டும். நின்ற வண்டியில் உட்கார வைத்து, இடுப்பை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று ஒவ்வொருவருக்கும் தொட்டுக் காட்டினார்.

முறுக்குகிற ஆக்ஸிலேட்டர் இதில் கிடையாது. வலது கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்ன நெம்பு, அதைக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். பள்ளத்தில் தூக்கிப்போட்டால் நாம் பயத்தில் கைப்பிடியை இறுக்குவோம். முறுக்குகிற வகையாக இருந்தால் வண்டி அப்போது பாயும்; கட்டைவிரல் நெம்பு என்றால் விரல் நழுவியதும் வேகம் தணிந்துவிடும். டயரை அமுக்கிப் பார்க்கச் சொன்னார். பலூன் மாதிரி உள்ளே போகிறது! காற்றழுத்தத்தை அளக்கும் பிஎஸ்ஐ கணக்கில், கார் டயரில் 30 பிஎஸ்ஐக்கு மேல் காற்று இருக்கும், இதில் 5 பிஎஸ்ஐ அளவுதான். அதனால்தான் மணலில் புதையாமல் பரந்து உட்கார்கிறது. கடைசியாக, என்ஜினை அணைக்கும் கயிற்றை எங்கள் மணிக்கட்டில் அவரே மாட்டிவிட்டார். விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வரும், என்ஜின் நின்றுவிடும்.

அப்புறம் கிளம்பினோம். ஐயோ, என்ன ஆனந்தம்!

முதலில் வறண்ட ஓடை. கூழாங்கல் மேல் வண்டி குலுங்கக் குலுங்கப் பல் ஒன்றோடொன்று மோதுகிறது. முழங்காலை லேசாக மடக்கி எழுந்து நில்லுங்கள் என்று அவர் சொன்னது ஞாபகம் வந்து எழுந்தேன். அவ்வளவுதான், குலுக்கல் முழுவதையும் கால் வாங்கிக்கொண்டது, தலைக்கு மேல் காற்று மட்டும். பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த வசதி இல்லை. பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அக்கா, மெதுவாக்கா!" என்று ஒவ்வொரு கல்லுக்கும் கத்தினாள். ஒரே வண்டியில் போய்க் காசு மிச்சம் பிடிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், பின் இருக்கை முதுகுக்கு ஆகாது. இடுப்புவலி இருந்தால் வேண்டவே வேண்டாம்.

ஓடை முடிந்து புதர்க்காடு. செம்மண் பாதை, முன் வண்டியின் புழுதி முகத்துக்கு நேராக வருகிறது. இடைவெளி விடாவிட்டால் ஒன்றும் தெரியாது. வழிகாட்டி முன்னால், கடைசியில் அவருடைய உதவியாளர். கையை உயர்த்தினால் நிற்க வேண்டும், யாரும் யாரையும் முந்தக் கூடாது. எங்களுக்கு முன்னால் போன இளைஞர் ஒருவர் இரண்டு தடவை வளைந்து வளைந்து வித்தை காட்டினார். வழிகாட்டி தன் வண்டியை நிறுத்தி, அந்த இளைஞரைத் தனக்கு அடுத்த இடத்துக்கு மாற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி கிளம்பினார். அந்த ஆள் அதன்பின் பூனைபோல் வந்தார்.

மணற்குன்றின் அடியில் மறுபடி நிறுத்தினார். இந்தக் குன்று மட்டும்தான் வண்டிகளுக்கு ஒதுக்கியது என்று சொல்லி, ஒருவர் மேலே போய்ச் சேர்ந்த பிறகே அடுத்தவர் ஏறலாம் என்றார். கீழேயே வேகம் எடுத்துக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து, விடாமல் ஏற வேண்டும். எங்கள் முறை வந்தது. பாதியில் எனக்குக் கை தயங்கிவிட்டது. விரல் ஒரு நொடி தளர்ந்ததும் வண்டி முனகி நின்றது. இரண்டு பேர் பாரம் வேறு. முன்சக்கரத்துக்கு மேலே வெறும் வானம்தான் தெரிகிறது.

"அக்கா, அமுக்குக்கா!" என்கிறாள் இவள். அமுக்கியிருந்தால் சக்கரம் தோண்டிக்கொண்டு உள்ளே போயிருக்கும். திருப்பப் பார்த்திருந்தால் பக்கவாட்டில் உருண்டிருப்போம். அதையெல்லாம் கீழே நின்றபோதே சொல்லியிருந்தார் என்பதால் பிரேக்கை இறுகப் பிடித்தபடி அசையாமல் இருந்தேன். அவர் ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தார். தங்கையை மேட்டுப் பக்கமாக இறங்கி ஒதுங்கச் சொன்னார். வண்டி இறங்கும் பக்கத்தில் ஆள் நிற்கவே கூடாதாம். பிறகு என்னையும் அதே பக்கமாக இறக்கிவிட்டு, தான் ஏறி, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நேர்கோட்டில் பின்னுக்கே இறக்கிக் கொண்டுபோனார். "இன்னொரு தடவை" என்றார், திட்டவே இல்லை. இரண்டாவது தடவை தங்கை தனியாக நடந்து ஏறினாள், நான் கட்டைவிரலை எடுக்காமல் ஏறினேன். உச்சியில் வண்டி சமதளத்துக்கு வந்தபோது எதிரே கடல், முழுக்கடலும்! தொண்டை அடைத்துவிட்டது.

மேலே நின்று, முன்பதிவு மேசைக்குப் பக்கத்தில் பார்த்த அந்தப் படத்தைப் பற்றி வழிகாட்டியிடம் கேட்டேன். அலையில் எப்போது ஓட்டுவோம்? அவர் முகம் மாறியது. கடற்கரையில் நாங்கள் ஓட்டுவதில்லை, அந்தப் படத்தை அகற்றச் சொல்லிப் பலமுறை கேட்டுவிட்டேன் என்றார். கீழே கரையில் ஆமை முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இருக்கும், பொரிய ஏறக்குறைய இரண்டு மாதம். மேலே சக்கரம் ஏறினால் மணல் இறுகிவிடும். தப்பிப் பொரிந்து வந்த குஞ்சுகளும் சக்கரத் தடத்தில் விழுந்தால் அந்தப் பள்ளத்திலேயே கடலுக்குப் போகாமல் நீளவாட்டில் நடந்துகொண்டிருக்குமாம், நண்டும் பறவையும் எடுத்துப் போகும் வரை. மற்ற குன்றுகளின் மேல் இருந்த புல்லைக் காட்டி, அதன் வேர்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது, அதில் ஒரு தடம் விழுந்தாலும் காற்று அந்த வழியே குன்றைக் கிளறிவிடும் என்றார். கரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் வந்தேன். ஒரு உள்ளங்கை அளவுக் குஞ்சு சக்கரத் தடத்தில் தடுமாறுவதை நினைத்த பிறகு அந்த ஆசை போய்விட்டது. பொய்ப் படம் போட்டு விற்றவர்கள் மேல்தான் ஆத்திரம்.

இறக்கத்தில் தங்கை ஓட்டினாள். லோ கியரில் போட்டு, உடம்பைப் பின்னால் தள்ளி, குறுக்கே போகாமல் நேராக. என்னைவிட நன்றாகவே ஓட்டினாள். எனக்குத்தான் பின் இருக்கையில் முதுகு கழன்றது.

கொட்டகைக்குத் திரும்பினால் மேசைக்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, இடது மட்கார்டைத் தடவி, "கீறல்" என்றார். நிறுத்திவைத்த தொகையில் பிடிக்கப் போவதாகச் சொன்னார். தங்கை பேசவே இல்லை. மொபைலை எடுத்து, நேரத்தோடு இருந்த படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். வழிகாட்டியும் வந்து, அது பழைய கீறல்தான் என்று எங்கள் பக்கம் நின்றார். ஆள் வாயை மூடிக்கொண்டார். போகிற வழியில் புகைப்படத் தொகுப்பு வாங்கச் சொல்லி வேறு ஒருவர். அந்த விலைக்கு இன்னொரு முறை கண்ணாடி வாடகையே கட்டலாம், வேண்டாம் என்று வந்துவிட்டோம். மிச்சமிருந்த காசை வழிகாட்டியின் கையில் கொடுத்தோம். அதனால் மறுநாள் படகு ரத்து. எனக்கு அதில் துளிக்கூட வருத்தமில்லை.

போகிறவர்களுக்கு: முழுக்கை, முழுக்கால் உடை, கணுக்காலை மூடும் ஷூ. ஹெல்மெட்டுக்குள் போட ஒரு மெல்லிய துணி, ஏனென்றால் அதை முந்தின ஆள் கழற்றிய ஈரம் காய்ந்திருக்காது. தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடினால் மாற்றிக் கேளுங்கள், தயங்காதீர்கள். வண்டியின் பளபளப்பைப் பார்க்காமல், கிளம்பும் முன் எத்தனை நிமிடம் சொல்லிக் கொடுப்பார்கள் என்று விசாரியுங்கள். என்ஜினை அணைக்கும் கயிறு (கில் ஸ்விட்ச்) இல்லாத வண்டியில் ஏறாதீர்கள்.

கார்டில் நிறுத்திவைத்த தொகை மறுநாளே விடுபடும் என்று சொன்னார்கள். இன்றோடு ஐந்து நாள். காலையில் தங்கை போன் செய்து, "வந்துச்சாக்கா?" என்றாள். இன்னும் வரவில்லை.